பதினாறு பெட்டிகளும் ஒரு சீட்டும்

1

இந்தக் கதை ஒரு தவற்றிலிருந்து பிறந்தது. தவறு, பள்ளியின் வேலை வழிகாட்டி ஆசிரியையுடையது. உலகத்து வேலைகளைப் பதினாறு குழுக்களாகப் பிரித்து, நூலகச் சுவரில் பதினாறு அட்டைப் பெட்டிகளை ஸ்க்ரூ போட்டு மாட்டினார். கல்வித்துறைச் சுற்றறிக்கை சொன்னது: குழுக்களைக் காட்டி மாணவரோடு பேசவும். ‘ஒருவருக்கு ஒரு பெட்டி’ என்பதை அவரே சேர்த்துக்கொண்டார். வெள்ளிக்குள் ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு பெட்டியில் தன் பெயர்ச்சீட்டைப் போட வேண்டும். அடுத்த ஆண்டுப் பாடங்கள் அதன்படி.

2

முதல் தொடக்கம்: ‘அவள் கண்களில் கனவு மின்ன…’

[அடித்துவிட்டேன். அவள் கண்ணாடியில் பசை ஒட்டியிருந்தது.]

இரண்டாவது: வெள்ளி, மூன்றரை மணி. எல்லாச் சீட்டும் விழுந்தாயிற்று. திருப்புளி மட்டும் தன் சீட்டோடு நின்றாள். வகுப்பில் எந்த மேசை ஆடினாலும் ஸ்க்ரூவை முடுக்குபவள். ஸ்க்ரூடிரைவரின் பெயர் அவளுக்குப் பட்டப்பெயராக அப்படி வந்தது. அவள் அம்மா மருத்துவமனையில் சுவாசக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். மகளுக்கும் அந்த வேலைதான் வேண்டும்.

(முதல் பிரதியில் அம்மாவை நர்ஸ் ஆக்கியிருந்தேன். சிக்கல் தீர்ந்தது; கதையும் தீர்ந்தது.)

3

“மருத்துவத்துல போடேன்.”

“அதுல மெஷின் பாடம் வராதே, மிஸ்.”

“அப்ப பொறியியல்.”

“அதுல உடம்பு வராது. எங்கம்மா மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி நோயாளி நெஞ்சு ஏறி இறங்குதான்னுதான் பார்ப்பாங்க.”

“இங்க ஒரு கால், அங்க ஒரு கால்னு எப்படிடி நிப்ப?”

“எங்கம்மா இருபது வருஷமா அப்படித்தான் நிக்கிறாங்க.”

இந்த வரியை நான் யோசிக்கவில்லை. அவள் சொன்னாள், எழுதிக்கொண்டேன். பெருமைப்பட எனக்கு உரிமையில்லை. ஆனாலும் படுகிறேன்.

4

முடிவு அ: ஆசிரியை பதினேழாவது பெட்டி மாட்டுகிறார். [தித்திப்பு. வேண்டாம்.]

முடிவு ஆ: அவள் தலை குனிந்து பொறியியலில்

இல்லை. எழுதிப் பார்த்தேன், அவள் குனியவில்லை.

நடந்தது இது. பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். மருத்துவப் பெட்டியைக் கழற்றிப் பொறியியலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். கத்தரிக்கோல் கேட்டாள். ஆசிரியை கொடுத்தார். இரண்டுக்கும் நடுவிலிருந்த அட்டையை வெட்டி எடுத்துச் சீட்டைப் போட்டாள்.

ஆசிரியை தலையைச் சாய்த்துப் பெட்டியைப் பார்த்தார்.

“கோணலா இருக்கு பாரு.”

“சுவர்தான் கோணல், மிஸ்.”

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரிடி, லிஸ்ட்ல எந்தக் குழுன்னு எழுதறது?”

“நான் போட்டுட்டேன். எழுதறது உங்க வேலை.”

5

பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. ஆசிரியை பேனாவை மூடவில்லை. நான் எழுத மாட்டேன், வாசகரே, நீங்கள் எழுதுங்கள். அதற்கு முன் ஒன்று: அவள் போன பிறகு, ஏற்கெனவே சீட்டுப் போட்டிருந்த மூன்று பேர் திரும்பி வந்து, தங்கள் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, அந்தக் கத்தரிக்கோலைக் கேட்டார்கள்.