கறுப்புச் சீவல்

எங்கள் வீட்டுக் கூரையின் முகட்டு விட்டத்தை நான் மூன்று நாள் இழைத்தேன். அந்த மூன்று நாளும் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல வாய் வராது.

என் பெயர் பாலகணேஷ். தூத்துக்குடியில் பன்னிரண்டு வருஷமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ரம்பம், உளி, டிரில், மரம் இழைக்கிற பிளேனர் எல்லாம் விற்பேன். வாங்க வருகிற ஆசாரிமாருக்கு, "இத இப்படிப் பிடிக்கணும் அண்ணாச்சி" என்று பாடம் வேறு எடுப்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். அந்தச் சிரிப்பு எதற்கென்று எனக்கு இந்த அக்டோபர் வரை தெரியாது.

மர வீடு என் மனைவி சண்முகப்ரியாவின் யோசனை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாங்கள் இருந்த வாடகை வீட்டில் உப்புக்காற்றுக்குச் சுவர் பூத்துக் காரை உதிர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் சோற்றுப் பானைக்குள்ளேயே விழுந்தது. அன்று சாயங்காலம் கிராஃப் நோட்டை எடுத்து வீடு வரைய உட்கார்ந்துவிட்டாள். உடன்குடிக்கு வெளியே செம்மண் நிலம் என் பங்குக்குக் கொஞ்சம் கிடந்தது. கப்பலில் சரக்கு உருளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வருகிற பைன் கட்டைகள் துறைமுகத்துப் பக்கம் சல்லிசாகக் கிடைக்கும். இரண்டு லாரி இறக்கினோம். ஆசாரி வேண்டாம், நாமே கட்டிவிடலாம் என்று சொன்னது மட்டும் நான். கடை நிறையக் கருவி வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் கூப்பிட என் மானம் இடம் கொடுக்கவில்லை.

மே மாதம் தொடங்கினோம். ப்ரியா அளந்து கோடு போடுவாள், நான் அறுப்பேன். அவள் தம்பி பாண்டித்துரை துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். லீவு கிடைத்தால் வந்து ஆணி அடிப்பான். தூண்கள் நேராக நின்றன. பலகைச் சுவர் நேராக நின்றது. எனக்குத் தலைக்கனம் ஏற அது போதுமானதாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் நானும் ப்ரியாவும் முட்டிக்கொண்டோம். அவள் வரைந்த படத்தில் ஹாலின் நட்டநடுவே, முகட்டு விட்டத்துக்கு அடியில், ஒரு தூண் இருந்தது. "நடுவீட்டுல தூண் நின்னா பாக்குறதுக்கு நல்லாவா இருக்கும்? வேண்டாம்" என்றேன். அவள் ஏற்கெனவே அந்தத் தூணை அளந்து அறுத்தும் வைத்துவிட்டாள். "தாங்குமா?" என்று ஒரு தடவை கேட்டாள். "பனை விட்டம்ளா. உங்கப்பா வீட்டுல அறுபது வருசம் நின்ன விட்டம்" என்றேன். அவள் கிராஃப் நோட்டை மூடி வைத்தாள். தூண் வெளிச் சுவரோரம் கிடந்தது.

அந்த விட்டம் சாத்தான்குளத்தில் அவள் அப்பா வீட்டில் இருந்தது. அவர் போன பிறகு வீட்டை விற்றார்கள், வாங்கியவர்கள் இடித்தார்கள். பாத்திரம் பண்டம் எதுவும் ப்ரியா கேட்கவில்லை. "அந்த விட்டம் மட்டும் எனக்கு வேணும்" என்றாள். அவளுக்கும் பாண்டிக்கும் தொட்டில் கட்டிய விட்டம் அது. கயிறு உராய்ந்து உராய்ந்து ஒரு விரல் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கும். லாரியில் இருந்து இறக்கிய அன்று அந்தத் தடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரே குடித்தாள்.

எனக்கு அந்த விட்டம் பிடிக்கவில்லை. கரடுமுரடாக, கன்னங்கரேலென்று, முதுகு உருண்டையாக இருந்தது. பக்கத்தில் என் பைன் சட்டங்கள் நாலு பக்கமும் சதுரமாக, வழவழப்பாக நின்றன. ப்ரியா பள்ளிக்கூட வேலையாக இந்தப் பக்கம் வராத மூன்று நாளில் பிளேனரைத் தூக்கினேன்.

முதல் நாள் மரம் இடம் கொடுக்கவில்லை. பிளேடு மழுங்கியது. கடையில் இருந்து புது பிளேடு எடுத்து வந்தேன், அதுவும் மழுங்கியது. மூன்று செட் பிளேடு போனது. புத்தி உள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நானோ மரத்தைத் திட்டித் திட்டி இழைத்தேன். கறுப்புக் கறுப்பாகச் சீவல் குவிந்தது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் பிளேனர் தானாக ஓடத் தொடங்கியது. வெண்ணெய் மாதிரி. வேலை எனக்குப் படிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆள் இல்லாத வீட்டில் பாட்டு வேறு பாடினேன்.

மூன்றாம் நாள் பார்த்தால் விட்டம் சதுரமாகத்தான் இருந்தது. நிறம்தான் போய்விட்டது. வெளுத்து, நார் நாராக இருந்தது. கயிற்றுத் தடம் இருந்த இடமே தெரியவில்லை. பயந்துதான் போனேன். ஆனால் நான் பயந்தது விட்டத்துக்காக இல்லை, ப்ரியா ஏசுவாளே என்றுதான். கடையில் இருந்து மரத்துக்கு அடிக்கிற கறுப்பு ஸ்டெயின் இரண்டு டப்பா எடுத்து வந்து பூசினேன். பளபளவென்று வந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் வந்தவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "தடம் எங்க?"

"அடியில கிடக்கு. தூக்கி வைக்கயில மேல் பக்கமா வந்துரும்" என்றேன். வாய் கூசவில்லை. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒருநாள் நானும் பாண்டியும் கயிறு கட்டி விட்டத்தை மேலே ஏற்றிவிட்டோம்.

அன்றிலிருந்து அடுப்பெரிக்க எனக்குக் கவலையில்லை. வேலை முடிந்து உடம்பு வலியோடு வருகிறவளுக்குக் கட்டுகிற வீட்டு வாசலிலேயே மூன்று கல் கூட்டி, அந்தச் சீவலைப் போட்டுத்தான் வெந்நீர் வைத்தேன். கரி மாதிரி நின்று எரிந்தது. "எந்த மரத்துச் சீவல் இது? இவ்வளவு நல்லா எரியுது" என்று ஒருநாள் கேட்டாள். "எல்லாம் கலந்தது" என்றேன்.

காலாண்டு லீவின் கடைசி சனிக்கிழமை ஓடு போட ஏறினோம். ஏறினோம் என்பது பேச்சுக்கு. நான் தொண்ணூற்றிரண்டு கிலோ, என்னை மேலே விடவில்லை. ப்ரியா சுடிதாருக்கு மேல் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினாள். பாண்டி ஏணியில் நின்று ஓடு வாங்கி மேலே ஏற்றினான். நான் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தேன். பதினொரு மணிக்கெல்லாம் கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்துவிட்டது. மழைக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று பாண்டி ஓடுகளை முகட்டை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசையாக அடுக்கினான், அவனும் மேலேயே ஏறிக்கொண்டான். ப்ரியா முகட்டு விட்டத்தின் நடுவில் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து ஓடு மாட்டினாள்.

விட்டத்தில் நீளம் போக அறுத்த இரண்டடித் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதை நெடுக்கில் பிளந்து, உள்ளே வெளுப்பாக இருந்ததைச் சட்டை செய்யாமல், இரண்டு கல்லின் மேல் வைத்து எனக்குப் படியாக்கியிருந்தேன். காலையில் இருந்து அதில் ஏறி ஏறித்தான் ஓடு கொடுத்தேன். பன்னிரண்டு மணி இருக்கும், கையில் நாலு ஓட்டோடு ஏறினேன். படி சத்தமே இல்லாமல் இரண்டாக விட்டுவிட்டது.

ஓடு நாலும் உடைந்தன. முழங்கால் சிராய்த்தது. எழுந்திருக்கப் போனவன் உடைந்த துண்டைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே முழுக்க வைரமில்லாத வெள்ளைச் சோறு. கையால் கிள்ளினால் நாராகக் கையோடு வந்தது. ஒரே ஒரு ஓரத்தில், என் பிளேனர் படாத மூலையில், விரற்கடை அகலத்துக்குக் கறுப்பு நின்றது. அந்த ஓரம் மட்டும் உடையாமல் கல்லாக இருந்தது. கடப்பாறையால் குத்தினாலும் போகாத அந்தக் கறுப்பைத்தான் மூன்று நாளாக ஊரில் இல்லாத கெட்டிக்காரனாகச் சீவித் தள்ளியிருக்கிறேன். தேக்குக்கு வைரம் பாய்ந்த கெட்டி நடுவில். பனைக்கு அது வெளியே, தோலோடு ஒட்டி. பனங்காட்டில் பிறந்தவன் நான். பனைவெல்லம் தின்று வளர்ந்தவன். கறுப்புக்கு உள்ளே என்ன இருக்கும் என்று ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ப்ரியா அந்தச் சோற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் ஓட்டு அடுக்கு. விட்டம் நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது. என் கண்தான் அப்படிப் பார்க்கிறதோ என்று சுவர்ப் பலகையின் விளிம்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தொய்ந்துதான் இருந்தது.

அப்போதே கத்தியிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ப்ரியா, டீ போடுதேன். இறங்கி வாங்க ரெண்டு பேரும்" என்றேன்.

"மழ வருதுங்க. இந்தப் பக்கம் முடிச்சிட்டு வாரோம்."

"உங்க சித்தி போன் பண்ணுதாவ."

"அப்புறம் பேசுதேன்னு சொல்லுங்க."

விட்டத்தில் இருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை, யாரோ பல்லைக் கடித்தது போல. பாண்டி, "அக்கா, என்ன சத்தம்?" என்றான். அவள் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து, விட்டத்தின் மேல் பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மேல் பக்கம் இருக்குன்னீயளே. தடம் இங்கனயும் இல்லையே?"

இனி சொல்ல ஒரு பொய்யும் மிச்சம் இல்லை. 

"ப்ரியா, அசையாத. விட்டம் தாங்காது. நான் இழைச்சுக் கெடுத்துட்டேன். உள்ள வெறும் சோறு. கறுப்பு நான் பூசுனது."

  பாண்டி, "அத்தான், என்ன சொல்லுதீய?" என்று எழுந்திருக்கப் போனான்.

"ஏலே உக்காரு" என்றாள் ப்ரியா. வகுப்பில் பேசுகிற குரல். "ஏங்க, இன்னும் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"தெரியாது."

"சுவரோரம் நடுத்தூணு கிடக்கு பாருங்க. தூக்கி எனக்கு நேர் கீழ வைங்க. அளவு சரியா இருக்கும். அடியில பலகை போடுங்க, இடைவெளி இருந்தா ஆப்பு அடிங்க. அடிக்கயில மெதுவா அடிக்கணும்."

அந்தத் தூணை முன்பு நானும் பாண்டியும் சேர்ந்துதான் நகர்த்தினோம். அன்று ஒருவனாகத் தூக்கினேன். வீட்டுக்குள் கொண்டுவந்து, அவளுக்கு நேர் அடியில் பலகையைப் போட்டு, தூணை நிமிர்த்தினேன். விட்டம் விழுந்தால் என் தலையில்தான் முதலில் விழும். அது ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது. தூணின் தலை விட்டத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தபோது இடையில் ஒரு விரற்கடைதான் இருந்தது. நான் இழைத்து விட்டம் மெலிந்ததில், தொய்வும் பலகையும் போக மிச்சம் அது. ஆப்பைச் சொருகிச் சுத்தியலால் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே நார் நெரிந்தது. கறுப்பு ஸ்டெயின் செதில் செதிலாக என் முகத்தில் விழுந்தது. ஒரு அடி தவறிக் கட்டைவிரலில் பட்டது. வலிக்கக்கூட இல்லை.

"இறுகியாச்சு" என்றேன்.

"பாண்டி, நீ மொதல்ல இறங்கு."

"நீ இறங்கு அக்கா."

"வெயிட்டு உனக்குத்தாம்ல கூட. சொன்னதைச் செய்."

அவன் சுவர்ப் பக்கமாகத் தவழ்ந்து ஏணியைப் பிடித்தான். பிறகு அவள் கிளம்பினாள். நிற்காமல், விட்டத்தின் மேலேயே உட்கார்ந்தபடி, கையூன்றி ஒரு சாணாகச் சுவரை நோக்கி நகர்ந்தாள். எட்டடி தூரம். பாதியில் விட்டத்தின் அடியில் நீளமாக ஒரு விரிசல் ஓடிவந்து, தூணுக்கு ஒரு முழத்துக்கு முன்னால் நின்றது. அவளும் நின்றாள். எனக்கு முருகன் பெயர்கூட வாயில் வரவில்லை. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவள் கால் தெரிகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மறுபடியும் நகர்ந்தாள். கால் சுவர்மேல் பட்டது. ஏணிக்குப் போனாள். மண்ணில் அவள் இறங்கிய சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. உடைந்து கிடந்த படித்துண்டை எடுத்தாள். வெள்ளையைக் கட்டைவிரலால் நசுக்கினாள். ஓரத்தில் நின்ற கறுப்பை நகத்தால் கீறினாள், கீறல் விழவில்லை.

"இதச் சீவுனீயள்லா. அந்தக் கறுப்பெல்லாம் எங்க?"

 என் கண் தானாக வெளியே போனது. மூன்று கல்லும் அதன்மேல் வெந்நீர்ப் பானையும் அங்கே இருந்தன. என் கண் போன இடத்துக்கு அவள் கண்ணும் போனது.

"எங்கப்பா வீட்டை எரிச்சா எனக்கு வெந்நீ வச்சீய?"

"ஆமா" என்றேன்.

அவள் ஏசவில்லை. ஏசுவாள் என்று பயந்துதானே இவ்வளவும் செய்தேன், இப்போது ஏசமாட்டாளா என்று இருந்தது. துண்டை மடியில் வைத்துக்கொண்டு பலகைமேல் உட்கார்ந்தாள்.  முதல் தூறல் ஓட்டில் விழுந்தது.

"ஏலே பாண்டி, தார்ப்பாயை எடு. நனையிது" என்று சொல்லிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். துண்டையும் கையோடு எடுத்துப்போனாள்.

ஆப்பு இறுகித்தான் இருந்தது. தூண் அவள் கோடு போட்டிருந்த இடத்திலேயே அசையாமல் நின்றது. ஆனாலும் அதில் இருந்து கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடுங்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை.