ஒரு தொட்டி, இரண்டு சட்டை

தையல் கம்பெனியில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். வந்திருந்ததோ நாற்பத்தொரு பேர்.

வரிசையில் கடைசிக்கு முன்னால் நின்றாள், சட்டைக்குக் காலர் தைக்கும் காலர்க்காரி. பழைய கம்பெனி மூடியபின் அவளுக்கு இது ஐந்தாவது நேர்காணல். இன்றும் கைவிரித்துவிட்டால் நாளைக் காலை பஸ் ஏறி மாமியார் வீட்டில் குடித்தனம். கணவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

“எத்தனை வருஷம்?” கடைசியில் நின்ற கண்ணாடிக்காரி நோட்டம் விட்டாள்.

“பத்து. காலர் மட்டும்தான். கண்ணை மூடிட்டே தைப்பேன்.”

“அப்ப கோணலாத்தான் வரும். நான் பன்னெண்டு. சட்டைக் கைமுனையில கைப்பட்டி மட்டும்.”

“கையோட வாயும் சேர்ந்தே ஓடும் போல!”

உள்ளே, இருவருக்கும் எதிரெதிர் மெஷின்கள். நடுவில், தைத்த துணியைப் போட ஒரு மரத்தொட்டி. ஆளுக்கொரு சட்டை, காலரும் கைப்பட்டியும்தான் பாக்கி.

“அவங்கவங்க சட்டையை அவங்கவங்களே முடிக்கணும். அரை மணி நேரம்! ஆரம்பிங்க!” என்றார் சூப்பர்வைசர்.

பறந்தார்கள். காலர் ஏறியதும் காலர்க்காரி நூலை நறுக்கி, பத்து வருஷப் பழக்கத்தில், மிச்சத்தை அடுத்த ஆள் தைக்கட்டும் என்று சட்டையைத் தொட்டியில் வீசினாள். அங்கே கண்ணாடிக்காரி வீசியிருந்த இன்னொன்றை உருவினாள். காலர் இல்லை. தைத்தாள். எதிரேயும் அதே கதை, கைப்பட்டியில்.

பதினான்காவது நிமிடம். முடிந்த இரண்டு சட்டைகளைத் தவிர வேறில்லாத தொட்டியை இருவர் கைகளும் துழாவின.

“அடுத்த துணி எங்க சார்?” ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

ஹாலே சிரித்தது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. “இதுல எது உன் சட்டை?”

காலர்க்காரி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போச்சு. எல்லாம் போச்சு.

“ரெண்டு காலரும் அவ தச்சதுதான் சார்,” என்றாள் கண்ணாடிக்காரி. “இந்த மாதிரி முனை எடுக்க எனக்கு வராது.”

“கைப்பட்டி ரெண்டும் அக்காவோடது,” என்றாள் இவள், அவசரமாக.

மேனேஜர் வந்தார். சட்டைகளைப் புரட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். காலையிலிருந்து ஒருவரும் ஒரு சட்டையை இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிக்கவில்லை.

“இருக்கிறது ஒரு இடம்தான் சார்...” சூப்பர்வைசர் இழுத்தார்.

“யோவ், ஒருத்தியை வெளியே விட்டா எதிர் கம்பெனிக்காரன் வாசல்லயே கொத்திட்டுப் போயிடுவான். ரெண்டு பேரையும் போடு!”

கண்ணாடிக்காரியோடு படியிறங்கும்போதே காலர்க்காரி கணவருக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, பெட்டியைப் பிரிங்க!”

“அடுப்பைக்கூட மூட்டை கட்டிட்டேனே!”

“முதல்ல அதை அவிழுங்க. இன்னைக்குச் சமையல் உங்களோடது. ஒரு விருந்தாளி வேற வராங்க... அக்கா, காரம் சாப்பிடுவீங்கதானே?”