வீரமலையின் ஒரு நாள்

"உன் கணவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ராசாத்தி எழுந்து நின்று, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தாள். வகுப்பில் இருந்த பதினோரு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியும் புருஷன் எழுந்திருக்கும் நேரம் தெரியாத பெண்ணைப் பார்த்தால் சிரிக்காமல் என்ன செய்வது. "கேட்டுட்டு வரேன் மிஸ்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

உறையூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் என் வகுப்பு. பெலிண்டா மிஸ் கிளாஸ் என்றால் டவுன் பஸ் கண்டக்டருக்கே தெரியும் என்று நானாகவே சொல்லிக்கொள்வேன். ராசாத்திக்குச் சொந்த ஊர் மருங்காபுரி. ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தாள். புருஷன் வீரமலை இங்கிலாந்தில் ஏதோ கிடங்கில் வேலை. கல்யாணம் முடிந்த இருபத்திரண்டாம் நாள் விமானம் ஏறியவன். மனைவி அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் ஒரு சின்ன ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். எழுதக்கூட வேண்டாம், சென்னையில் ஒரு அறையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேச வேண்டும். வீட்டில் யார் யார், அவர்கள் தினமும் என்ன செய்கிறார்கள், அவ்வளவுதான் கேள்வி. எழுகிறார், குளிக்கிறார், சாப்பிடுகிறார் என்று வரிசையாகச் சொன்னால் போதும். அவரைப் பற்றிச் சொல்லும்போது வினைச்சொல்லின் வாலில் ஒரு 'எஸ்' சேர்க்க மறந்துவிடக் கூடாது.

மறுநாளே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். ஆறு மணிக்கு எழுகிறார். போர்வையை நாலாக மடித்துத் தலையணை மேல் வைக்கிறார். டீயை ஆறவிடாமல் குடிக்கிறார், பிறகு நாக்கு சுட்டுவிட்டது என்று டீ போட்டவளைக் கோபித்துக்கொள்கிறார். சட்டைப் பொத்தானைக் கீழேயிருந்து மேலே போடுகிறார். தூங்கும்போது வலது கையைக் கண் மேல் வைத்துக்கொள்கிறார். ஃபேனை ஐந்தில் வைக்கிறார்.

"அந்தக் குளிர்ல ஃபேனா? உன் ஆளுக்கு என்ன எருமைத்தோலா?" என்றேன். அவசரமாக ரப்பரைத் தேடி அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள்.

பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் ஆசீரோடு இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அவர் சட்டைப் பொத்தானை எந்தப் பக்கத்திலிருந்து போடுகிறார் என்று யாராவது கேட்டால் முழிப்பேன். இவளோ கடல் கடந்து இருக்கிறவனை இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். போனில் எவ்வளவு நேரம் பேசினால் இத்தனை விஷயம் தெரிந்திருக்கும்! வகுப்பில் அந்த நோட்டை உயர்த்திக் காட்டி, "குடும்பம்னா இப்படி இருக்கணும்" என்று பிரசங்கம் வேறு செய்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். இன்னொன்றும் சொன்னேன், எல்லாருக்கும் சொல்வதுதான். "தெரியாதத கேட்டா திகைச்சு நிக்காத. சும்மா அடிச்சு விடு. அது உண்மையா பொய்யான்னு அவங்க பாக்கப் போறதில்ல, தப்பில்லாம பேசுறியான்னுதான் பாப்பாங்க."

பாஸ் செய்துவிட்டாள். சர்ட்டிபிகேட் வந்த மறுநாள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். பிச்சமுத்து நல்ல வெயிலில் காய்ந்த மனிதர், மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சர்ட்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். காலை வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். கையிலிருந்த லட்டுப் பெட்டியை என் மேஜையில் வைத்து, கும்பிட்டார்.

"எல்லாம் உங்க புண்ணியம் மிஸ். ஊரே கேக்குது, எப்ப கெளம்புறா எப்ப கெளம்புறான்னு. நேத்துதான் பெரிய பெட்டி ஒண்ணு வாங்கியாந்தேன், சக்கரம் வெச்சது."

ராசாத்தி சிரிக்கவில்லை. கண் வீங்கியிருந்தது. ஊரை விட்டுப் போகப் போகிறவள்தானே, அழுதிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன்.

"அந்த ரூம்ல என்னதான் பேசுனேன்னு கேட்டா, சொல்ல மாட்டேங்குது மிஸ்" என்றார் பிச்சமுத்து. "ஒரு தடவ எனக்காகப் பேசு பாப்பா. வெளங்காட்டியும் பரவால்ல, காதுல கேட்டுக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, பரீட்சையில் சொல்வதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். ஆறு மணிக்கு எழுகிறார். போர்வையை மடிக்கிறார். டீ குடிக்கிறார். பிச்சமுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார். சட்டைப் பொத்தான் வரைக்கும் வந்தவள் நிறுத்தினாள். அதே குரலில், அதே ஆங்கிலத்தில், என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தொடர்ந்தாள். அவள் சொன்னது இதுதான்.

"இது எல்லாம் அவர் என்னோடு இருந்த இருபத்திரண்டு நாளில் நான் பார்த்தது, மிஸ். அங்கே எப்போது எழுகிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் என்னோடு பேசுவதில்லை. எட்டு மாதமாக நான் தினமும் போன் செய்கிறேன், அவர் எடுப்பதில்லை."

போன் என்ற சொல் மட்டும் பிச்சமுத்துவுக்குப் பிடிபட்டுவிட்டது. முகம் மலர்ந்து, "ஆமா மிஸ், ஊருக்கு வந்தாலும் டெய்லி போன்தான். மொட்டமாடிக்குப் போயிருவா, நாங்க கிட்டக்க போறதில்ல" என்றார்.

மூன்று மாதம் அந்த நோட்டைத் திருத்தியவள் நான். வரிக்கு வரி சிவப்பு மையில் சரி போட்டவள். அவளை எழுப்பி நிறுத்திச் சிரித்தவள், கடைசியில் அடித்துவிடு என்று பொய்க்கும் வழி காட்டியவள். அந்த நிமிஷம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"பாஸானால் மனசு மாறுவார் என்று நினைத்தேன்" என்றாள் அவள். இன்னமும் ஆங்கிலம்தான். "நேற்று அந்த சர்ட்டிபிகேட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். வராதே என்று பதில் வந்தது. அங்கே அவரோடு வேறு ஒருத்தி இருக்கிறாள். என் அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அவர் சந்தோஷமாக இருக்கிறார்."

எங்கும் தடுக்கவில்லை, ஒரு எஸ்ஸும் விட்டுப்போகவில்லை. கண் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது. அப்பா பக்கம் திரும்பாமல் அதை அப்படியே தாங்கிக்கொண்டு, கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது, மிஸ்?"

லட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினேன்.

"கேள்வியெல்லாம் கேக்குறா போலருக்கே!" என்றார் பிச்சமுத்து. நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்களும் இங்கிலீசுலயே பதில் சொல்லுங்க மிஸ். ரெண்டு பேரும் பேசிக்கிறதக் கொஞ்ச நேரம் கேக்கணும்."

இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, பிள்ளைகள் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.