பைஸர் நானாவின் இரண்டு மைக்குகள்

ஹட்டன் பஜாரில் மைக் செட் வாடகைக்கு விடுகிற, ஊரே அண்ணன் முறைக்கு 'நானா' என்று கூப்பிடுகிற பைஸருக்கு வாய் கொஞ்சம் நீளம். எந்த மைக் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், தேத்தண்ணி ஆறிப்போகும் வரை விடமாட்டான். அவனிடம் இருந்தவை இரண்டு. ஒன்று பழைய கிறிஸ்டல் மைக். பேச்சுக்குச் சரி, பலத்த சத்தம் அதற்கு ஆகாது. மற்றது கொழும்பில் வாங்கிய டைனமிக். முகத்துக்கு நேரே மேளம் அடித்தாலும் கலங்காது. "மேளத்துக்கு டைனமிக்தான். மத்தத வச்சா செத்துரும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவனேதான்.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழா. செத்துப் பிழைத்த மகளுக்காகக் காளியாயி தீச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தாள். தப்பு மேளம் முழங்கி, அருள் வந்த பிறகுதான் சட்டியைக் கையில் கொடுப்பார்கள். அருள் வராதவள் கையில் நெருப்பைக் கொடுக்க எந்தப் பூசாரியும் துணியமாட்டார். தப்படிக்கிறவன் அவள் அண்ணன் வீரய்யா. அந்தச் சத்தம் பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கவேண்டும் என்று, தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி பொன்னையா மைக் வைக்கச் சொல்லியிருந்தார்.

காலையில் பைஸர் டைனமிக்கைத் தப்புக்கு முன்னால்தான் நிறுத்தினான். பொன்னையா வந்து பார்த்தார். புது மைக் பளபளவென்று மின்னியது.

"இத எனக்கு வைங்க நானா. நான் பேசணும்ல? அவனுக்கு அந்தப் பழசு போதும்."

பைஸர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கம்பக்கத்துத் திருவிழாக்களெல்லாம் இந்த மனிதர் கைகாட்டும் ஆளுக்குத்தான் போகும். வாய் நீளமானவன் வாயை மூடிக்கொண்டு மைக்குகளை மாற்றி வைத்தான்.

வீரய்யா ஓங்கி அடித்த முதல் அடியிலேயே ஸ்பீக்கர் துணி கிழிகிற மாதிரி கத்தியது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது.

"மைக்க ஒடச்சுப்புட்டியேடா, காட்டுப்பயலே!" என்று பொன்னையா எல்லார் முன்னாலும் கத்தினார்.

வீரய்யாவின் முகம் செத்துவிட்டது. பைஸரைப் பார்த்துக் கும்பிட்டான். "தெரியாம அடிச்சிட்டேன் நானா. இனிமே மெதுவா அடிக்கிறேங்க."

ஓங்கி அடி, மைக்கை நான் எடுத்துவிடுகிறேன், பிழை என்னுடையது. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. பைஸரோ குனிந்து, கழன்றே போகாத வயரைத் திருகிக்கொண்டிருந்தான். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

அதற்குப் பிறகு வீரய்யா தப்பை அடிக்கவில்லை, தடவினான். மஞ்சள் சேலையும் நனைந்த தலையுமாகக் காளியாயி கண்ணை மூடி நின்றாள். அருள் வரவில்லை. பூசாரி திருநீறு போட்டுப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. "வெரதத்துல ஏதோ கொறை" என்று ஒருத்தி எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள். கடைசியில் பூசாரி தீச்சட்டியை ஓரமாக இறக்கி வைத்துவிட்டார். பைஸருக்கு நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சாமான்களைக் கட்டும்போது காளியாயி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நானா, மைக்கு சரியாயிருமா? அண்ணன ஒண்ணும் சொல்லிறாதீங்க. குத்தமெல்லாம் எம்மேலதான். ஆத்தா என்னய ஏத்துக்கல." குழந்தையின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நேந்துக்கிட்டது நிக்குதே, இவளுக்கு மறுபடி ஏதாச்சும் ஆயிருமோன்னுதான் பயமா இருக்கு."

உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்ல வாயெடுத்த பைஸர், அதை விட்டு வயரைச் சுற்றத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்துக் கோயில் வாசலிலிருந்து பொன்னையா கூப்பிட்டார்.

"நானா, அடுத்த வருசமும் நீங்கதான்!"

"சரிங்க கங்காணி." அது மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது.

காளியாயி பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.