தண்ணீரை விட்டு வராத பெண்

வகுப்பு முடிந்து பிள்ளைகளெல்லாம் கரையேறிவிட்டார்கள். மீன்குட்டி என்று எல்லாரும் கூப்பிடும் சின்னப் பெண் மட்டும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்து, பற்கள் தந்தியடித்தன. நீச்சல் குளத்து மேலாளர் குனிந்து கையை நீட்டினாள். பெண் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"மாஸ்டர் போனதும் வரேன் ஆன்ட்டி."

மேலாளர் நிமிர்ந்து, மறுகரையில் நின்ற நீச்சல் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வேறொரு கிளப்பில் வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்தவனை, முதலாளியின் கையைக் காலைப் பிடித்து இங்கே சேர்த்துவிட்டவள் அவள்தான். வந்த வேகத்தில் பிள்ளைகள் அவனிடம் ஒட்டிக்கொண்டார்கள். தண்ணீரைக் கண்டு அலறும் குழந்தையைக்கூடச் சிரிக்கவைத்தே இறக்கிவிடுவான். பெற்றவர்கள் புகழும்போது அவளுக்கு உச்சி குளிரும்.

மோட்டார் அறையில் ஏதோ சத்தம் கேட்கிறது, போய்ப் பார் என்று தம்பியை அனுப்பிவிட்டு, பெண்ணைத் துண்டில் சுற்றித் தன் அறைக்கு அழைத்துவந்தாள். பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னாள். மேற்கொண்டு எதையும் தோண்டவில்லை. பெண்தான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"துணி மாத்துற ரூம்ல தாழ்ப்பாள் இல்லல்ல, அதான் உள்ள வந்துடறார். வெளிய சொன்னா டீம்ல இருந்து எடுத்துடுவேன்னார்."

அந்தத் தாழ்ப்பாள் உடைந்தபோது தச்சரைக் கூப்பிடப் போனவளைத் தடுத்தது தம்பிதான். இதுக்குப் போய் ஆளா, நானே போட்டுடறேன் என்றான். அவளும் அதோடு மறந்துபோனாள்.

பெண்ணின் அம்மா வந்து, கேட்டு, மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் வெளியே வந்து பழைய கிளப்புக்குப் போன் செய்தாள். தம்பியை ஏன் நிறுத்தினீர்கள் என்று அன்றைக்குக் கேட்காததை இன்றைக்குக் கேட்டாள். அந்தப் பக்கத்து ஆள் சொன்னார்: "ஒரு பொண்ணு விஷயம்மா. அவங்க வீட்லயும் புகார் வேணாம்னுட்டாங்க. கிளப் பேரு கெட்டுடும்னு நாங்களும் பெரிசு பண்ணல."

விஷயத்தைக் கேட்ட முதலாளியும் அதையேதான் சொன்னார். சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம் என்றார்.

"அனுப்பினா இன்னொரு குளத்துக்குத்தான் சார் போவான்" என்று சொல்லிவிட்டு, போலீஸுக்கு அவளே போன் செய்தாள்.

தம்பி மோட்டார் அறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது என்றான். பிறகு குரல் இறங்கிற்று. "அம்மாவை நெனச்சுப் பாருக்கா. தாங்க மாட்டாங்க."

"தாழ்ப்பாள் ஏன்டா போடல?"

அவன் வாசலைப் பார்த்து நடந்தான். போலீஸ் வண்டி வரும்வரை அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

செய்தி பரவியதும் இன்னும் இரண்டு வீட்டார் பிள்ளைகளோடு புகார் கொடுக்க வந்தார்கள். பழைய கிளப், தனக்கு ஒன்றுமே தெரியாது என்று கைகழுவியது. மேலாளரின் அம்மா மகன் பக்கமே நின்றாள். பெற்ற வயிற்றில் நெருப்பை வைத்துவிட்டாய், என் சாவுக்கும் வராதே என்று மகளிடம் சொல்லியனுப்பினாள். குளத்தில், அக்காவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று காதுபடவே பேசினார்கள். மேலாளர் தச்சரை வரவழைத்து எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடவைத்தாள். பிள்ளைகள் துணி மாற்றும் பக்கம் எந்தப் பெரியவரும் தனியாகப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டாள்.

மீன்குட்டி திரும்ப வரவேயில்லை. மனசு கேட்காமல் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனாள் மேலாளர். அம்மாக்காரி கதவைப் பாதி திறந்தாள். பெண் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே நடுங்குகிறாள் என்றாள்.

"நீங்க எங்க பக்கம் நின்னீங்க. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா உங்களுக்கும் அவனுக்கும் ஒரே ஜாடை. அவ பார்த்தா பயந்துடுவா. இனிமே வராதீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு மேலாளர் படியிறங்கினாள்.