முழங்கையை உள்ளுக்கு எடு

அந்தச் சொல்லைச் சொன்னபோது நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். தை மாதம், பள்ளிக்கூடம் விட்ட பின்னேரம், புதிதாகச் சீமெந்து போட்ட கூடைப்பந்துத் திடல். சுகந்தினி கோட்டில் நின்று வளையத்துக்கு எறிந்துகொண்டிருந்தாள். பத்துக்கு எட்டு உள்ளே போயிற்று. சற்று முன்னர்தான் நான் பத்துக்கு நான்கு போட்டுவிட்டு வந்து குந்தியிருந்தேன். போத்தலின் மூடி திறந்தது, என் வாயும் கூடவே திறந்தது.

"என்னடி, தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பின்னுக்குப் போடுற மாதிரி எறியிறாய்? முதுகில கூடை ஒண்டு கட்டிவிடட்டே?"

எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தினியும் சிரித்தாள். பந்தை எடுத்து வந்து மறுபடியும் கோட்டில் நின்றாள். அந்த முறை பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று.

அவளுடைய எறி விசித்திரமானதுதான். இரண்டு கைகளாலும் பந்தைத் தூக்கி, வலது காதைக் கடந்து தலைக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கேயிருந்து விடுவாள். அப்படி எறியச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்னுடையதோ புத்தக எறி. முழங்கால் மடியும், முழங்கை பந்துக்கு நேர் கீழே நிற்கும், கடைசியில் மணிக்கட்டு மடங்கி விழும். கைபேசியில் வீடியோ பார்த்து, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியது. படம் பிடித்துச் சுவரில் மாட்டலாம், அவ்வளவு வடிவு. பந்து மட்டும் உள்ளே போகாது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்தவர்கள் அவளுடைய அப்பாவைப் பெற்றவர்கள். அவள் பிறந்தது நான் பிறந்த அதே கிளிநொச்சி ஆஸ்பத்திரியில், அதே வருடம். தேயிலைச் செடியை அவள் முதன்முதலாகக் கண்டது பத்தாம் வகுப்புச் சுற்றுலாவில், பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்துகொண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மலைநாட்டுச் சனத்தைப் பற்றி அந்த மாதிரிக் கதை எங்கள் வீடுகளில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படுவது. நான் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு கிழமைக்குள் அவளுக்குக் கொழுந்து என்று பெயர் விழுந்துவிட்டது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் அது செல்லப்பெயர் என்று நினைத்துக் கொழுந்தக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு நோகவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

மாசியில் ஒருநாள் தனியே வந்து கேட்டாள்.

"தேனுகா, உன்ர மாதிரி எறிய எனக்கும் காட்டித் தாறியா?"

வேண்டாமடி, உனக்கு நல்லாத்தானே போகுது என்று ஒரு வசனம் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினேன். என்னைவிட நன்றாக எறிகிறவள் என்னிடம் பழக வந்து நிற்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது வெறும் சந்தோசம், வேறொன்றுமில்லை. இரண்டு கிழமை, நாளாந்தம் அரைமணி நேரம் அவளுடைய கையைப் பிடித்துத் திருத்தினேன். "முழங்கையை உள்ளுக்கு எடு. இன்னும் உள்ளுக்கு." அவள் சொன்னதெல்லாம் செய்தாள். பங்குனி முடிய அவளுடைய எறியும் வடிவாகிவிட்டது. பத்துக்கு மூன்று.

எங்களைப் பழக்கிய நிரஞ்சன் சேர் தலையில் கைவைத்தார். அவர் அவளை நம்பித்தான் அந்த வருடத்துக் குழுவையே கட்டியிருந்தார். மாகாணத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அகில இலங்கைப் போட்டி. அங்கே ஒரு சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு வழியாகப் பல்கலைக்கழகத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம். எனக்கு அது இல்லாவிட்டாலும் ரியூசன், சோதனையை இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதுவது என்று வழிகள் இருந்தன. விடியக் கூலிக்குப் போகும் தாய் தகப்பனுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிற சுகந்தினிக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

"பழைய மாதிரியே எறி பிள்ளை. ஆர் உன்னை மாத்தச் சொன்னது?"

"நானாத்தான் சேர்."

நான் குனிந்து, இறுக்கமாக இருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

அவள் பழைய எறிக்குத் திரும்பப் பார்த்தாள். முடியவில்லை. பந்து காதடிக்குப் போனதும் கை நின்றுவிடும். யாரும் சிரிக்காவிட்டாலும் நின்றுவிடும். புதியதும் இல்லை, பழையதும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. ஆனாலும் சேர் அவளை வெளியே எடுக்கவில்லை. ஓடவும் தடுக்கவும் அவளைப் போல எங்களில் ஒருத்தியும் இல்லை.

ஆடி மாதம் வவுனியாவில் மாகாணப் போட்டி. அரையிறுதியில் ஒரு புள்ளி பின்னுக்கு நிற்கிறோம், இன்னும் ஒன்பது செக்கன். சுகந்தினியைத் தள்ளி விழுத்திவிட்டார்கள். தண்டமாக, யாரும் மறிக்காமல், கோட்டில் நின்று இரண்டு தரம் எறியலாம். இரண்டும் போனால் வெற்றி. அவள் பந்தை வாங்கிக்கொண்டு கோட்டில் நின்றாள். அப்போது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகள் அவளுக்கு உற்சாகம் கொடுக்கவென்று கைதட்டத் தொடங்கினார்கள்.

"கொழுந்து! கொழுந்து! கொழுந்து!"

பாவம், அதுகளுக்கு ஒன்றும் தெரியாது. மதிலோரம் நின்ற பெடியள் சிலருக்கு விளங்கிவிட்டது. ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் எதையோ போடுவதுபோலச் செய்து காட்டினான். சிரிப்புக் கேட்டது. காதடிக்குப் போயிருந்த பந்தைச் சுகந்தினி முன்னுக்குக் கொண்டுவந்தாள். முழங்கையை உள்ளுக்கு எடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு பிழையும் இல்லாமல் எறிந்தாள். முதலாவது வளையத்தில் அடித்து வெளியே போயிற்று. இரண்டாவது வளையத்தையே தொடவில்லை. அந்த ஒரு புள்ளியால் தோற்றோம்.

திரும்பி வரும்போது சேர் அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வந்தார். புளியங்குளம் தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"இப்பவாவது சொல்லு. ஆரும் ஏதும் சொன்னவையே?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல சேர்."

நான் அவர்களுக்குப் பின் சீற்றில் இருந்தேன். வாயாடி என்று பேர் எடுத்த நான், யன்னலுக்கு வெளியே மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அவள்.

ஆவணி விடுமுறை முடிந்தும் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அவள் மாகாணப் போட்டியில் பங்குபற்றியதற்கான சான்றிதழை என்னிடம் தந்து, "நீதானே தலைவி, குடுத்திட்டு வரச்சொல்லிக் கேள்" என்றார் சேர். பஸ்ஸில் போகும்போது நான் ஒரு வசனத்தைப் பாடமாக்கினேன். நான் சொன்னது பிழை, என்னை மன்னிச்சுக்கொள். பெரியவீதியில் இறங்கி உள்ளே இரண்டு கட்டை தூரம் நடந்தேன். நடக்க நடக்க அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

முற்றத்தில் சுகந்தினியின் அம்மா தங்கம்மா, பிடுங்கிவந்த கச்சான் செடிகளைக் குவித்து வைத்து, நிலக்கடலைக் காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்கதான தேனுகா? வாங்க புள்ள, உக்காருங்க. ஒங்களப் பத்திதான் எந்நேரமும் சொல்லும். இவளுக்குக் கை சரியா வரலயாம், நீங்கதான் தெனமும் நின்னு சொல்லிக் குடுத்தீங்களாம். ஊட்டுலயும் பொழுது சாயிறவரைக்கும் செவத்தப் பாத்து அதேதான். தேனுகா சொன்ன மாதிரி எறியணும்மான்னு சொல்லும். ஒங்க மாதிரிப் புள்ளைங்க எங்க புள்ளையோட சேந்து பழகுறதே பெரிசு."

சுகந்தினி குசினி வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. யாருக்கும் தெரியாமல் தலையை ஒருமுறை ஆட்டினாள். வேண்டாம். அவள் இத்தனை நாளும் காப்பாற்றியது என்னையில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சொல் தன் தாயின் காதில் விழுந்துவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பாடமாக்கிப் போன வசனத்தைச் சொன்னால் எனக்கு ஆறும். அவர்களுக்கு?

"அவள் கெதியா, இரண்டு கிழமையிலயே பழகினவள் அம்மா" என்றேன்.

பெரியவீதிவரை சுகந்தினி கூட வந்தாள். சான்றிதழைக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லிக் கேட்டேன். ஆடைத் தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்துவிட்டாளாம், திங்கட்கிழமை தொடக்கம் வேலை.

"சுகந்தினி, நான் அண்டைக்குச் சொன்னது..."

"தெரியும்" என்றாள். "பஸ் வருது. ஏறு."

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் தங்கம்மா கட்டித் தந்த பை மடியில் கனத்தது. மண் ஒட்டிய பச்சைக் கச்சான், மூன்று கிலோவாவது இருக்கும்.

கண்டாவளையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மா பையை வாங்கிப் பார்த்தார்.

"நல்ல முத்தின கச்சான். ஆர் தந்தது?"

"எங்களோட விளையாடின சுகந்தினியின்ர அம்மா."

"ஏனாம்?"

"நான் அவளுக்குப் பந்து எறியப் பழக்கினதுக்கு."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கழுவி உப்புப் போட்டு அவித்தார். ஆவி பறக்க ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு வேலிக்குப் போய், பக்கத்து வீட்டு நேசமலர் மாமியைக் கூப்பிட்டார்.

"எங்கட பிள்ளை அந்தச் சனம் இந்தச் சனம் எண்டு பாக்கிறேல்ல மச்சாள். கையைப் பிடிச்சுப் பழக்கிவிட்டிருக்கிறாள். அந்த மனுசி பாவம், அதுக்குத் தந்துவிட்டது."

கிண்ணம் வேலிக்கு மேலால் கைமாறியது. நேசமலர் மாமி ஒன்றை உடைத்து வாயில் போட்டு மென்றுகொண்டே, முற்றத்தில் நின்ற என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.