ராஜசிங் வாக்கிங் போன கதை

என் வீட்டுக்காரர் ராஜசிங் பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு உடம்பைத் தேற்றிய கதையை வேறு யாராவது அழகாகச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். நான் அவரைக் கட்டியவள், ஞானதீபம், மூன்றாம் வகுப்பு டீச்சர். நடந்ததை நான் சொல்கிறேன்.

கம்பெனியில் அவருக்கு லோடு அனுப்புகிற வேலை. எந்தப் பெட்டி எந்த ஊருக்கு, எந்த லாரியில், எதற்கு மேல் எதை அடுக்குவது, எல்லாம் அவர் பொறுப்பு. கம்பெனி கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாக ஒரு சின்ன ஆபீஸ். அதில் ஒரு நாற்காலி, இரண்டு போன். சீசன் வந்துவிட்டால் வடக்கே ஆர்டர் கொடுத்தவன் ஒரு காதில் இந்தியில் திட்டுவான், லாரிக்காரன் மறுகாதில் தமிழில் திட்டுவான். இவர் இரண்டு பேரையும் திருப்பித் திட்டிவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என் தலையில் கொட்டுவார். போன தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம், லாரியின் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார். நாலு பேர் தூக்கி வேனில் படுக்க வைக்கும்போதுகூட, தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கலே என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாராம். அந்த நேரத்திலும் மனுசனுக்குப் பெண்டாட்டி பெயர் வாயில் வரவில்லை.

விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அந்த அம்மா பிரஷர் பார்த்துவிட்டுக் கருவியைச் சந்தேகப்பட்டு, வேறு கருவியை எடுத்துவரச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, இவர் இன்னொரு சீசன் அந்த வேலையில் இருந்தால் அடுத்த தடவை என்னிடம் கொண்டுவர வேண்டிய அவசியம் இருக்காது என்றார். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று அழுதேன். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அந்த வேலை வேணுமா நான் வேணுமா என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு முன்னால் மனுசன் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பொங்கல் கழிந்து வேலையை விட்டார். முதலாளி அண்ணாச்சி தங்கமான மனிதர். உங்கள் நாற்காலி அப்படியே இருக்கும், உடம்பு தேறினதும் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று மாலை போட்டு அனுப்பினார். அந்த நல்ல வார்த்தைதான் எனக்கு வினையாக வந்தது.

வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத மனிதரை நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜைத் திறந்து, கனமானது அடியில், லேசானது மேலே என்று மறுபடி அடுக்கினார். தோசை மாவு எங்கே இருக்கிறது என்று நான் அவரிடம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. சர்ச்சில் அசனம் என்கிற பொது விருந்துக்குப் பந்தி விசாரிக்கப் போனவர், சீக்கிரம் இறக்குங்கலே என்று போட்ட சத்தத்தில் ஆராதனை நடத்துகிற ஐயரே எழுந்து வாளியைத் தூக்கினார். சமையலில் உப்பைக் குறைத்தால், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார். உப்புள்ள பண்டம் ஆஸ்பத்திரியிலே என்பேன் நான்.

தினமும் விடிந்ததும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அதை மட்டும் ஒரு நாள் தவறாமல் செய்தார். கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு ஏழாயிரம்பண்ணை ரோட்டில் போவார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்துக்கு மினிபஸ்ஸில் வந்து இறங்குவார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். போகும்போது நடந்துவிட்டு வரும்போது பஸ்ஸில் வருவதில் தப்பில்லை என்று நானும் விட்டுவிட்டேன். அந்த வேர்வைச் சட்டையைப் பெருமையோடு துவைத்துப் போட்டேன். எனக்கு அறிவு எங்கே போயிற்று?

ஜூலையில் மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். பிரஷர் ஒரு இம்மி இறங்கவில்லை, எடை ஏறியிருந்தது. நிஜமாகவே நடக்கிறாரா என்று கேட்டார். வேத புத்தகத்தைத் தொடாத குறையாக நான் சாட்சி சொன்னேன். இவர் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மை வந்தது இருளம்மாள் வாயிலிருந்து. கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அவள் பேத்தி என் வகுப்பு. பேத்தியைக் கூப்பிட வந்தவள் வெள்ளந்தியாகச் சொன்னாள்: "சாரு ஏறுனாத்தான் டீச்சர் எங்க வேனே கலகலன்னு இருக்கு. அவுகளுக்குன்னே தெனமும் கருவாட்டுக் கொளம்பு கொண்டாறேன்."

நான் எதுவும் தெரியாதவள் போல விசாரித்தேன். எங்கள் பக்கம் விடியக்காலையில் ரோட்டில் ஒருவர் நடந்து போனால் அவர் கம்பெனி வேனைத் தவறவிட்டவர் என்றுதான் அர்த்தம். சும்மா நடப்பதற்காக நடக்கிறவர் என்று ஒரு ஜாதியே இங்கே கிடையாது. தெரிந்தவர் நடந்து போகையில் வண்டியை நிறுத்தாமல் போவது, எழவு வீட்டு வாசலைத் தாண்டிப் போவதற்குச் சமம். முதல் நாளே டிரைவர் பாண்டி நிறுத்தியிருக்கிறான். இவர் மறுத்திருக்கிறார். பொம்பளைகள் எல்லாரும் இறங்கிவந்து கையைப் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து ஊர் முக்கு தாண்டியதும் இவரே மைல்கல்லில் உட்கார்ந்து வேனுக்குக் காத்திருந்திருக்கிறார். கம்பெனி வாசலில் இறங்கி, எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டு, லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்களை ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தி விரட்டியிருக்கிறார். வேர்வை அதில் வந்தது. விட்ட வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

அவரிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவர் பிரஷர் ஏறும், என் பிரஷரும் ஏறும். நேராகப் பாண்டி வீட்டுக்குப் போய், நாளையிலிருந்து அவரைக் கண்டால் நிறுத்தாதே என்றேன். அவன் பதறிப்போனான்.

"தெரிஞ்ச மனுசர நடக்க விட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன எமனா டீச்சர்?"

"நிப்பாட்டுனாத்தாம்லே நீ எமன்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. அவர் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து, நான் ஸ்கூட்டியில் தூரமாகப் பின்னால் போனேன். மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார். வேன் வந்தது. எழுந்து, பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒரு கையைத் தூக்கினார். பாண்டி குனிந்த தலை நிமிராமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். உள்ளே இருந்த பொம்பளைகள் மொத்தமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள், இருளம்மாள் முந்தானையால் முகத்தையே மூடிக்கொண்டாள். வேன் போன பிறகும் இவர் தூக்கின கையை இறக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த நான் அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். வேலையை விட்ட அன்றுகூட அந்த முகம் அப்படி வாடவில்லை.

அப்புறம் நடந்தார் பாருங்கள். பாண்டிப் பயலுக்கு எம்புட்டுக் கொளுப்பு என்று உரக்கப் பேசிக்கொண்டே, இரண்டு பக்கமும் வேலிக்கருவை தவிர கேட்க ஆளில்லாத ரோட்டில், விறுவிறுவென்று கம்பெனி வரைக்கும் நடந்தார். டாக்டரம்மா கேட்ட வாக்கிங்கை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போனார்.

நானும் பின்னாலேயே போய் ஸ்கூட்டியை நிறுத்தினேன். ஆபீஸ் வாசலில் ஒரே ரகளை. சீசன் தொடங்கியிருந்தது. இவர் இடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தங்கப்பாண்டியன், கனத்த பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு முழித்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி இவரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். கர்த்தர்தான் உங்களை அனுப்பியிருக்கிறார் என்று எங்கள் சாமியையே துணைக்கு அழைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்றைக்கே உட்காருங்கள் என்றார். இவர் கை நாற்காலியின் முதுகைத் தடவியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டில் அடக்குகிற நான் வேகமாக நாற்காலிப் பக்கம் போனேன்.

உட்காருவதற்கு முன்னால் டிரைவர் பாண்டியைக் கூப்பிட்டு, ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். அவன் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான். நிறுத்தினால் எமன் என்று சொன்னதைக்கூட விடாமல் சொன்னான். பெட்டி தூக்கியவர்கள், டீ குடித்தவர்கள், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நெசமா தீபம்?" என்றார்.

"நெசந்தான்" என்றேன். அழுகை வந்துவிட்டது, வரட்டும் என்று விட்டேன். "அண்ணாச்சிக்கு இந்த நாக்காலில உக்கார இன்னொரு ஆளு கெடைப்பாக. எனக்கு வேற ஆளு கெடையாது."

அந்த நேரத்தில் மேஜை மேல் போன் அடித்தது. பழகிய கை, தானாகப் போய் எடுத்தது. எடுத்ததைக் காதுக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் நிறுத்தி, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தங்கப்பாண்டியன் கையில் வைத்தார்.

"ஒனக்குத்தாம்லே. பேசு" என்றார். அண்ணாச்சியிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரோட்டில் இறங்கினார்.

வெயில் ஏறிவிட்டது. நான் ஸ்கூட்டியை அவர் பக்கத்திலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு, போதும், பின்னால் ஏறுங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒனக்குச் சுகர் இருக்குன்னு அந்த டாக்டரம்மா சொல்லி மாசக்கணக்காச்சு. எறங்கி நட. எனக்கு மட்டும் வேற ஆளு இருக்காகளா?"

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கம்பெனி வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே நானும் நடந்தேன்.